எனக்கு மட்டும் நீக்கு

இல்லை. குரூப்பில் அது இல்லவே இல்லை. மங்களேஸ்வரி விரலால் மேலே தள்ளிப் பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள். தம்பி கோதண்டபாணி மத்தியானம் போட்ட வத்தக்குழம்புப் படம் இருக்கிறது. 'இன்னிக்கு சமையல் நான்தான், வயித்தெரிச்சல் படுறவங்க படலாம்' என்று அவன் அடியில் எழுதியது இருக்கிறது. அதற்குக் கீழே சற்றுமுன் வரை இருந்த அவளுடைய குரல் மட்டும் இல்லை. இல்லை என்றால் நிம்மதிதானே வரவேண்டும்? ஏன் வரவில்லை? அழுத்திப் பிடித்தாள், குப்பைத்தொட்டிப் படம் வந்தது, அதைத் தொட்டாள், இரண்டு வரி வந்தது, அதுவரை எல்லாம் சரி. அனைவருக்கும் நீக்கு. எனக்கு மட்டும் நீக்கு. மேல் வரியைத்தான் தொடப் போனாள். அந்த நேரம் பார்த்து டிரைவர் வேகத்தடையில் பஸ்ஸைத் தூக்கிப் போட்டான், விரல் கீழ் வரியில் போய் உட்கார்ந்துகொண்டது. உடனே அடியில் கறுப்பாக ஒரு பட்டை வந்து, வேண்டாமென்றால் திருப்பிக்கொள் என்றோ என்னவோ கேட்டது. கண்ணாடி நெற்றிக்கு மேல் இருந்தது. இறக்கிப் போடுவதற்குள் பட்டை போய்விட்டது. கேள்வியும் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போகிற ஆபீஸ்காரன் புத்தியை இந்தப் போனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? எனக்கு மட்டும். எனக்கு மட்டும் நீக்கி நான் என்ன செய்ய? என் காதால் கேட்டு என் வாயால் சொன்னதுதானே. தெரிந்தவளிடமிருந்து பிடுங்கிவிட்டு, தெரியவே கூடாதவன் கையில் அல்லவா விட்டுவைத்திருக்கிறது.

இரண்டு குரூப் இருந்ததுதான் வினை. ஒன்று 'நம்ம வீடு'. அதில் குடும்பம் முழுக்க இருக்கிறது, கோதண்டபாணியும் இருக்கிறான். இன்னொன்று கோதண்டபாணி மட்டும் இல்லாதது. அவனுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்த வாரம் தங்கை மகள் சுடர்க்கொடி கோயம்புத்தூரிலிருந்தபடியே ஆரம்பித்து எல்லாரையும் சேர்த்தது. மாமா யார் போனையாவது வாங்கிப் பார்த்தாலும் சந்தேகப்படக்கூடாது என்று 'சமையல் குறிப்பு' என்று பேர் வைத்தாள் கெட்டிக்காரி. கெட்டிக்காரத்தனம் யார் தலையில் வந்து விடிந்தது பார். நோயாளிக்குத் தெரியாமல் நோயைப் பேச ஒரு இடம் எல்லா வீட்டிலும் வேண்டித்தான் இருக்கிறது. முன்பு கொல்லைப்புறம் இருந்தது, கிணற்றடியில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். இப்போது கொல்லை ஏது? ஸ்கேன், சதைப் பரிசோதனை, எந்த டாக்டர், யார் கூடப் போவது எல்லாம் சமையல் குறிப்பில்தான் ஓடியது. கோதண்டபாணிக்குக் குடற்புண் என்று சொல்லியிருந்தார்கள். இன்று ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி விசாலம், "அண்ணி, நான் எங்கயாச்சும் மூஞ்சியக் கழுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். நீங்களே எல்லாருக்கும் சொல்லிருங்க, என் வாயால வராது" என்று சொல்லிவிட்டுத் தென்னூரில் இருக்கும் தன் வீட்டுக்கு ஆட்டோ ஏறினாள். இவள் திருவானைக்கோவில் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எழுத முடியாது, எழுத்தெல்லாம் ஈரத்தில் நீந்தியது, அதனால் பேசிவிடலாம் என்று போனைத் திறந்தாள். மேலே ஒரு குழம்புப் படம். குழம்பு என்றால் சமையல் குறிப்புதானே? அவ்வளவுதான் அவள் மூளை. அவன் வத்தக்குழம்பு வைத்து நம்ம வீட்டில் போடுவான் என்று எந்த ஜோசியக்காரன் சொன்னான்? நின்று சமைக்கத் தெம்பு வந்திருக்கிறது பாவம், அக்காவும் பெண்டாட்டியும் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கப் போன நேரத்தில் அவர்களுக்குச் சோறாக்கி வைத்திருக்கிறான்.

என்ன சொன்னோம்? ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருந்தது, அதுதான் கொடுமை. 'சுடரு, எல்லாரும் கேளுங்க, முடிஞ்சுபோச்சு. ஈரலுக்குப் போயிருச்சாம். இனிமே வலி தெரியாம பார்த்துக்கறதுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. பொங்கலைப் பார்ப்பானாங்கறதே சந்தேகமாம். அவன்கிட்ட யாரும் மூச்சு விட்டுராதீங்க. தெரிஞ்சா அன்னிக்கே செத்துருவான் என் தம்பி.' பிறகு அழுகை. பஸ்ஸில் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதது, அதுவும் சேர்ந்துதான் பதிவாகியிருக்கும். விரலை எடுத்த பிறகுதான் மேலே பேரைப் பார்த்தாள். நம்ம வீடு. பக்கத்தில் காலேஜ் பை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. அதனிடம் போனை நீட்டி, "பாப்பா, இதுல ஒண்ணு அழிச்சேன், எல்லார்கிட்டயும் அழிஞ்சுருச்சான்னு பாரும்மா" என்றாள். அந்தப் பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும்னு குடுத்தீங்களா ஆன்ட்டி?" என்றது. "விரல் வழுக்கிருச்சும்மா." "அப்ப உங்க போன்ல மட்டும்தான் போயிருக்கும். அவங்க எல்லார்கிட்டயும் இருக்கும்." "திருப்பி எடுக்க முடியாதா?" "உடனே எடுத்திருக்கணும் ஆன்ட்டி. இப்ப உங்ககிட்டயே இல்லையே, எதப் பிடிச்சு அழிக்கிறது?" குரலில் ஒரு குற்றமும் இல்லை, கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னது. "முக்கியமான மெசேஜா ஆன்ட்டி?" என்று கேட்டது. மங்களேஸ்வரி, "இல்லம்மா, சும்மா சமையல் குறிப்பு" என்றாள்.

மெயின்கார்டு கேட்டில் பஸ் நின்றது நின்றதுதான். பூக்காரிகள், பிளாட்பாரத்தில் துணி, ஒருவன் ஹாரனில் கையை வைத்தால் எடுப்பதே இல்லை. இறங்கி எதிர்ப்பக்கம் ஓடித் தென்னூருக்குப் போய்விட்டால் என்ன? போய்? போனைக் கொடுடா என்று கையிலிருந்து பிடுங்குவதா? எழுந்தாள், உட்கார்ந்தாள். விசாலத்தைக் கூப்பிட்டாள், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆஸ்பத்திரிக்குள் வேண்டாம் என்று மணிச் சத்தத்தை அணைத்தவள் இன்னும் அப்படியே பையில் போட்டிருப்பாள். சுடர்க்கொடியைக் கூப்பிட்டாள், மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன் என்று அவள் பேசாமலே ஒரு வரி வந்து விழுந்தது. அந்த வரியை அவள் எழுதவில்லை, போனே எழுதி வைத்திருப்பது, அவசரம் என்று அதனிடம் எப்படிச் சொல்வது? அழைப்பு மணி இல்லாத பூட்டிய வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. கோதண்டபாணியையே கூப்பிட்டு, வீடு போகும் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனால்? பேசுகிற போனில் கேட்க முடியாதே. ஆனால் போனை எங்கோ வைத்துவிட்டுத் தூங்குகிறவனை எடுக்க வைத்த மாதிரி ஆகிவிட்டால்? எடுத்ததும் முதலில் அதைத்தானே பார்ப்பான். தூங்குவான். சாப்பிட்டால் இப்போதெல்லாம் அசத்துகிறது என்கிறான். தூங்கடா, என் ராஜா, இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு. ஆனால் அவன் தூங்குகிற சாதியா? குரூப்பில் யார் தும்மினாலும் முதலில் ஆயுசு நூறு என்று போடுகிறவன் அவன்தானே. யாருடைய குரல் வந்தாலும் அப்போதே சத்தமாக வைத்து, கையில் வேலையைச் செய்துகொண்டே கேட்பான். சமையல்கட்டில் கரண்டியைக் கழுவியபடி அவன் அந்தக் குரலைக் கேட்பதை நினைத்தாள். முடிஞ்சுபோச்சு என்கிற இடத்தில் குழாயை மூடியிருப்பானா, அல்லது திறந்தபடியே விட்டு நின்றிருப்பானா? யாரோ தெரிந்தவர் வீட்டுச் செய்தி என்று நினைத்துக் கடைசி வரியில்தான் புரிந்திருக்குமோ? அவன் பேரை நான் சொல்லவில்லையே. சொல்லவில்லை, ஆனால் என் தம்பி என்றேன். எனக்கு எத்தனை தம்பி? ஒரே ஒருத்தன்.

கேட்டால் தாங்கமாட்டான். அது அவளுக்கு நிச்சயம். அப்பா போன அன்று அவனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. பரீட்சை முடியட்டும் என்று மாமாக்கள் கூடிப் பேசி, விடியும் முன்பே அவனைப் பக்கத்து வீட்டில் குளிக்க வைத்து, அங்கேயே இட்லி கொடுத்து, அங்கிருந்தே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கேள்வித்தாளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான், தெருவில் பந்தல் போட்டிருந்தது. அப்புறம் மூன்று நாள் அவன் யாரோடும் பேசவில்லை, அவளோடும்தான். எல்லாரும் நல்லதற்குத்தான் செய்தார்கள். இந்தக் குடும்பத்தில் யார் எதை மறைத்தாலும் நல்லதற்குத்தான். டாக்டர் கூட இன்று கேட்டார், சின்ன வயசு, தலையில் நல்ல முடி, முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பேஷண்டுக்குச் சொல்லிட்டீங்களா?" இல்லை என்றதும், "அவருக்கும் தெரிஞ்சுக்க உரிமை இருக்கும்மா" என்றார். உரிமையாம். உரிமையை வைத்துக்கொண்டு அவன் ராத்திரி எப்படித் தூங்குவான்? நாங்கள் தூங்காமல் இருக்கிறோம், போதாதா? பொன்மலை ஒர்க் ஷாப்பில் ரயில் பெட்டிக்கு வயர் இழுத்த கை அது. வீட்டில் யாருக்கு எந்த மெஷின் மக்கர் செய்தாலும் அவனிடம்தான் வரும். இந்தப் போனும் அவன் வாங்கிக் கொடுத்தது, எழுத்தைப் பெரிசாக்கி, தமிழ் போட்டு, எதைத் தொட்டால் எது வரும் என்று சொல்லிக்கொடுத்தான். 'ஒண்ணும் வெடிச்சுடாதுக்கா, தைரியமா அமுக்கு' என்பான். அமுக்கினேன்டா தம்பி. வெடித்துவிட்டது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது மடியில் போன் உறுமியது. நம்ம வீடு. கோதண்டபாணி. பார்க்கவே கூடாது என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. திறந்தால் ஒரு செம்பருத்திப் படம். அவன் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் பூத்தது. பின்னாலேயே இன்னொன்று, நித்தியமல்லி. இன்னொன்று, எங்கோ எடுத்த தாமரை. அப்புறம் ஒரு குரங்கு கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிற படம், அதற்குக் கீழே பல்லைக் காட்டும் மஞ்சள் முகம். மறுபடி பூ, மறுபடி பூ. உறுமி உறுமி மடியே சூடாகிவிட்டது. மங்களேஸ்வரி ஒவ்வொன்றையும் தொட்டுப் பெரிசாக்கிப் பார்த்தாள், அதில் அவன் முகம் தெரியும் என்பதுபோல. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, கெட்டித்துப் போயிருந்த நெஞ்சு இளகியது. பூ போடுகிறான்! கேட்டவன் பூ போடுவானா? குரங்குப் படம் போடுவானா? அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவன் கேட்கவில்லை. பார்க்கவே இல்லை. தூங்கி எழுந்து, வழக்கம்போல நேரம் போகாமல், இருக்கிற படத்தையெல்லாம் அள்ளிக் கொட்டுகிறான். கொட்டடா கொட்டு, இன்னும் கொட்டு, என் குரல் அடியோடு மேலே போய் மறையட்டும், யாரும் அவ்வளவு தூரம் தள்ளிப் பார்க்கமாட்டார்கள். பாலம் வந்தது. காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. இவ்வளவு நேரமும் மூச்சே விடவில்லை போலிருக்கிறது, இப்போதுதான் காற்று உள்ளே போனது. அகிலாண்டேஸ்வரி, உனக்குப் புடவை சாத்துகிறேன் தாயே, நல்ல பட்டாகவே சாத்துகிறேன். நோயைத் தீர்த்துவை என்றுகூட இன்று கேட்கவில்லை, அவனுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்றுதான் கேட்டேன், அதை நீ கொடுத்துவிட்டாய். அழுகை வந்தது, இது வேறு அழுகை. பக்கத்துப் பெண் சத்திரத்திலேயே இறங்கிவிட்டிருந்தது. இருந்தால் அதற்கும் அந்தக் குரங்கைக் காட்டியிருப்பாள்.

மாம்பழச்சாலையில் திரும்பும்போது சுடர்க்கொடி அழைத்தாள். "சொல்லுங்க பெரியம்மா, மீட்டிங் இப்பதான் முடிஞ்சுது. டாக்டர் என்ன சொன்னாரு?" மங்களேஸ்வரி ஒரே மூச்சில் கொட்டினாள், டாக்டர் சொன்னதை, குழம்புப் படத்தை, வேகத்தடையை, பூவை. மறுமுனையில் அவள் பெரியம்மா, பெரியம்மா என்று இரண்டு தடவை முனகினாள். அப்புறம், "இருங்க, லைன்லயே இருங்க, நான் குரூப்பைப் பார்க்கிறேன்" என்றாள். பஸ் ஒரு நிறுத்தம் நின்று நகர்ந்தது. "பெரியம்மா, அந்த வாய்ஸ் இங்க இல்ல." "இல்லையா? உங்கிட்டயும் இல்லையா? அழிஞ்சுருச்சா?" "அழிஞ்சிருக்கு. என்கிட்ட மட்டும் இல்ல, எல்லார்கிட்டயும்." "அப்ப அந்தக் காலேஜ் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல. பாரு, நான் சரியாத்தான் அமுக்கிருக்கேன்! சுடரு, எனக்கு உசுரே இப்பத்தான் வந்துச்சுடி." "நீங்க அழிச்சது இல்ல பெரியம்மா. அட்மின் அழிச்சதுன்னு போட்டிருக்கு." "அப்படின்னா?" "குரூப்பை நடத்துறவங்க. அவங்க நெனச்சா யாரு போட்டதையும் எடுக்கலாம்." "யாரு அது? நீதானே?" "நான் இல்ல பெரியம்மா. நான் ஆரம்பிச்சது அந்தச் சமையல் குறிப்பு குரூப்." அவள் குரல் உடைந்தது. "நம்ம வீட்டுக்கு அட்மின் மாமா மட்டும்தான். வேற யாரும் கிடையாது. மாமா அதை எடுத்துட்டு, உடனே வரிசையா பூவா போட்டிருக்காரு. அந்த வரி யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு."

அவன் கேட்டான். முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான், எவ்வளவு நேரமோ, யாரும் இல்லாத வீட்டில். அப்புறம் அவனுக்கு என்ன தோன்றியிருக்கிறது? தனக்கு இன்னும் எத்தனை நாள் என்று அல்ல. அக்கா இடம் மாற்றிப் போட்டுவிட்டாள், தெரிந்தால் துடித்துப்போவாள், நாலு பேர் அவளைப் பேசுவார்கள், அவள் பார்க்கும் முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று. அந்தக் கையால் எடுத்திருக்கிறான். எடுத்துவிட்டுப் பூவைத் தேடியிருக்கிறான், ஒவ்வொன்றாக. குரங்கைத் தேடியிருக்கிறான். நான் ஒவ்வொன்றையும் பெரிசாக்கிப் பார்த்துச் சிரித்தேன். ஐயோ, சிரித்தேனே. சுடர்க்கொடி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், குறுக்கே வேறு அழைப்பு வந்தது. திரையில் கோதண்டபாணி. எடுக்காமல் இருக்கலாம். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். விரல் தானாகப் போய் எடுத்தது.

"அக்கா, எங்க வந்துட்ட?"

"மாம்பழச்சாலை தாண்டிட்டேன்டா."

"சாப்பிட்டியா? உனக்கும் சேர்த்துத்தான் குழம்பு வச்சேன். விசாலம் மட்டும் வந்து நிக்கிறா."

"நாளைக்கு வரேன். எடுத்து வை."

"சரி. டாக்டர் என்னக்கா சொன்னாரு? இவளைக் கேட்டா நேரா பாத்ரூமுக்குள்ள போயிட்டா."

குரலில் ஒன்றும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தாள், ஒரு கீறல் இல்லை. இவ்வளவு நன்றாக நடிக்க இவன் எப்போது கற்றுக்கொண்டான்? எல்லாவற்றையும் சொல்லி, டேய் எனக்குத் தெரியும்டா உனக்குத் தெரியும் என்று ஓவென்று கத்திவிடலாம். கத்தினால் அவன் அவ்வளவு பாடுபட்டு மூடியதைத் திறந்துபோட்ட மாதிரி ஆகும். இந்த ஒன்றைத்தான் அவன் இன்று தனக்காகக் கேட்கிறான், அதையும் கொடுக்காமல் இருப்பதா?

"புண்ணுதான்டா. மாத்திரையை மாத்திக் குடுத்திருக்காரு. காரம் கூடாதாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்பாடா. நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்க்கா." அங்கே குழம்புச் சட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. "சரி, அழாம வீடு போய்ச் சேரு."

அவள் அழவில்லை. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு சத்தம் வெளியே வராமல்தான் இவ்வளவும் பேசினாள். "நான் எங்கடா அழுதேன்?"

"அழலதான்," என்றான் கோதண்டபாணி. "சும்மா சொன்னேன்."

திருவானைக்கோவில் நிறுத்தம் வந்தது. கண்டக்டர் இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டு விசில் ஊதினார். அவள் இறங்கவில்லை. இரண்டு பேரும் போனை வைக்கவும் இல்லை.